ஒரு பாட்டுக்கு நான் எழுதிய பின்னூட்டம்

திங்கட்கிழமை காலையில் எங்கள் சலவைக்கூடத்தில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "வார இறுதியில் என்ன கண்டுபிடித்தாய்?" என்பது. கேட்பவள் சிக்ரிட். நோர்வேயில் பேர்கன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் படுக்கை விரிப்புகளை நானும் அவளும் எதிரெதிரே நின்று மடிக்கத் தொடங்கி ஒன்பது வருடமாகிறது. அவள் கேட்பது பாட்டைப் பற்றி. யாருக்கும் தெரியாத சின்ன இசைக்குழுக்களை, பாண்டுகளைத் தேடிப் பிடித்துக் கேட்பது அவளுடைய பைத்தியம். "இந்தப் பாட்டை உலகத்திலேயே நாற்பது பேர்தான் கேட்டிருக்கிறார்கள்" என்று அவள் முதல் தடவை சொன்னபோது, பாவம், அந்தப் பிள்ளைகளுக்காக வருத்தப்படுகிறாளாக்கும் என்று நினைத்து, "கவலைப்படாதே, போகப் போக எல்லாரும் கேட்பார்கள்" என்று ஆறுதல் சொன்னேன். அவள் முகம் சுருங்கிப்போனது. அவள் பெருமையல்லவா அடித்திருக்கிறாள்! திருகோணமலையில் வளர்ந்த எனக்கு இது விளங்க நெடுநாள் எடுத்தது. எங்களூரில் ஒரு பாட்டு நல்லதென்றால் பஸ்ஸில் போடுவார்கள், கல்யாண வீட்டில் போடுவார்கள், கோயில் ஸ்பீக்கரில் ஊருக்கே போடுவார்கள். ஒளித்து வைத்துக் கேட்பதெல்லாம் ஒரு பாட்டா?

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அப்படி ஒரு பாண்டின் கச்சேரிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பழைய மீன் தொழிற்சாலை ஒன்றின் நிலவறை. ஐம்பத்து நாலு வயதில், குளிர்க் கோட்டோடு, காதுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு நான் நின்ற கோலத்தை ஊரில் யாராவது பார்த்திருந்தால் மனிசிக்கு மூளை பிசகிவிட்டது என்றிருப்பார்கள். மேடையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு பெண், தான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரன் குளிருக்குப் போடும் ஹீற்றரைத் திருத்தித் தராததைப் பற்றி மூன்று நிமிடம் கத்திப் பாடினாள். சினிமாப் பாட்டில் யாராவது ஹீற்றரைப் பற்றிப் பாடியிருக்கிறார்களா? என் வீட்டு ஹீற்றரும் அப்போது இரண்டு மாதமாகப் பழுது. எனக்குப் பாட்டுப் பிடித்துப்போய்விட்டது, உண்மையைச் சொல்ல என்ன வெட்கம்.

அதற்குப் பிறகு சிக்ரிட் கேட்டாள்: "உன் ஊரில் எந்தப் பாண்டுகள் இருக்கின்றன?" திருவிழாவுக்கு வரும் கோஷ்டிகளைப் பற்றிச் சொன்னேன். "அது மற்றவர்களுடைய பாட்டு. தங்களுடைய பாட்டைப் பாடுகிறவர்கள்?" என்றாள். அப்படி யாரும் இல்லை என்று சொல்ல எனக்கு நாக்குக் கூசியது. அன்று வீட்டுக்குப் போய் இணையத்தில் தேடத் தொடங்கியவள்தான். மூன்று கிழமையாக எத்தனை குப்பையைக் கேட்டிருப்பேன்! கடைசியில் அகப்பட்டது எங்கள் பக்கத்துப் பாண்ட் ஒன்று. முகம் இல்லை, பெயர்கள் இல்லை, ஒரு நண்டின் படம் மட்டும். பாண்டின் பெயரை இங்கே எழுதமாட்டேன். இதில் வருகிற பிள்ளைகளின் பெயர்களையும் ஊர்களையும் மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று பிறகு கேட்டபோது அவர்கள் போட்ட நிபந்தனை அது. காரணம் போகப் போக விளங்கும்.

முதல் பாட்டிலேயே நான் விழுந்துவிட்டேன். ஏதோ ஒரு கந்தோருக்கு, அங்கேயிருக்கும் அதிகாரியிடம் வேலை கேட்டு நடக்கிறவனின் பாட்டு. "நாளைக்கு வா எண்டீங்கள், நாளைக்கும் வந்தனான்" என்று ஒருவன் பாடுகிறான், எங்கள் வாயால், எங்கள் இழுவையோடு. நோர்வேக்கு வந்த இருபத்தாறு வருடமாக வானொலியிலும் படத்திலும் வேறு ஊர்த் தமிழில் காதலித்து வேறு ஊர்த் தமிழில் அழுதவள் நான். விரிப்பு மடிக்கும்போதும் அதுதான், பஸ்ஸிலும் அதுதான். லண்டனில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினேன். "இதென்னக்கா தகரத்தில தட்டுற சத்தம்? பழைய பாட்டு ஒண்டை அனுப்புங்கோவன்" என்றாள். எங்கள் தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒருவர் கும்பிடும் கையைப் போட்டார், அதற்கு அடுத்ததாகப் பிறந்தநாள் வாழ்த்து வந்துவிட்டது. ஊர், ஊர் என்று மேடைதோறும் உருகுகிறவர்களுக்கு ஊர் இப்போது பாடுவதைக் கேட்க மூன்று நிமிடம் இல்லை. எரிச்சல் எரிச்சலாக வந்தது.

பிறகு அந்தப் புதுப்பாட்டு வந்தது. ட்றம்ஸ் ஒரே ஒரு அடி. அந்த அடி விழுந்த இடத்தில் நிற்காமல் சுற்றிச் சுற்றி மேலே போய், ஆறுதலாகத் திரும்பி வந்தது. விரிப்பைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அப்பா எங்களூர்ச் சீனன்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கிகளுக்கு, வீட்டை விடப் பெரிய இரும்புத் தொட்டிகளுக்கு, பெயின்ற் அடித்தவர். அந்த நாளில் இப்போதைப்போலக் காவல் கிடையாது. சோற்றுப் பாத்திரம் கொண்டுபோன என்னை ஒருநாள் வெறும் தாங்கி ஒன்றுக்குள் இறக்கி, "கையைத் தட்டிப் பாரம்மா" என்றார். ஒரு தட்டுத் தட்டினேன். நூறு பேர் எனக்குக் கைதட்டினார்கள்.

சிக்ரிட் கேட்டுவிட்டு, நல்ல கம்பியூட்டர் எதிரொலி என்றாள். "இல்லை, இது எண்ணெய்த் தாங்கி" என்றேன். "ஸ்பென்னெண்டே" என்றாள். சுவாரசியம் என்று அர்த்தம். நோர்வேக்காரர் நம்பாதபோது மரியாதைக்குச் சொல்கிற சொல். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் ஊர்ச் சத்தத்தை எனக்குத் தெரியாதா? தேநீர் இடைவேளையில் அந்தப் பாட்டின் கீழே எழுதினேன்: "இது கம்பியூட்டர் வேலை இல்லை. சீனன்குடாப் பக்கம் வெறும் எண்ணெய்த் தாங்கிக்குள் பாடியது. என் அப்பா அந்தத் தாங்கிகளில் வேலை செய்தவர். உள்ளே நின்று நானே கேட்ட சத்தம். என்ன தம்பிமார், சரியா? இப்படிக்கு, திருகோணமலைப் பிள்ளை." அறுபது பேர் விருப்பம் போட்டார்கள். மொழிபெயர்த்துச் சிக்ரிட்டுக்கும் காட்டினேன். அன்று முழுக்க எனக்குத் தலைகால் தெரியவில்லை.

பத்தாம் நாள் பாட்டைக் காணவில்லை. அவர்களுக்கு எழுதினேன், பதில் இல்லை. மறுபடி எழுதினேன், இல்லை. நாலு பேர் பாராட்டியதும் தலைக்கனம் வந்துவிட்டது என்று சிக்ரிட்டிடம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஓகஸ்டில் ஊருக்குப் போக விமான ரிக்கெற் எடுத்தபோது கடைசியாக ஒரு தடவை எழுதினேன்: தாங்கியைப் பற்றி எழுதியவள் நான்தான், வருகிறேன், ஒரு நாள் பார்க்கலாமா. அன்றைக்கே பதில் வந்தது. "கிளிவெட்டிக்கு வாங்க. ட்றம்ஸ் அடிக்கிறவர் இப்ப அங்கதான் இருக்கார்."

மூதூர் வரை பஸ், அங்கிருந்து கிளிவெட்டிக்கு ஓட்டோ. ஒரு நெல் களஞ்சிய அறைக்குள், மூட்டைகளுக்கு நடுவே ட்றம்ஸ் இருந்தது. அதை அடிக்கிற ஜெயந்தன் வயலில் இருந்து கால் கழுவிக்கொண்டு வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். பாட்டெழுதிப் பாடுகிற ரிஸ்வான் கிண்ணியாவில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான். கதிரை போட்டார்கள், தேத்தண்ணி தந்தார்கள். நான் கொண்டுபோன நோர்வேச் சொக்லேற்றை மேசையில் வைத்துவிட்டு, அந்தப் பாட்டை ஏன் எடுத்தீர்கள் என்று உரிமையோடு கேட்டேன்.

ஜெயந்தன்தான் சொன்னான். குரலில் கோபமே இல்லை, அதுதான் கொடுமை. "அந்தத் தாங்கியளுக்கு ஒரு கொம்பனியில ஒப்பந்த வேலை செய்தனான் அன்ரி. உள்ள போக எனக்குப் பாஸ் இருந்தது. ஒரு லீவு நாள் இவையளையும் கூட்டிக்கொண்டு போனனான். அது என்ர பிழைதான். ஆரோ உங்கட எழுத்தைப் படம் எடுத்து மேலதிகாரியளுக்குக் காட்டியிருக்கினம். தாங்கிக்குள்ள போகக்கூடிய ஆக்களை எண்ணிப் பாத்தால் கொஞ்சப் பேர்தானே. பாஸைத் திருப்பி வாங்கிப் போட்டினம். வேலையும் போச்சுது."

"ஐயோ தம்பி, நான் பாராட்டித்தானே எழுதினனான்!"

"ஓம் அன்ரி, தெரியும்."

"நான் கொம்பனிக்கு எழுதித் தாறன். பிழையா எழுதிப் போட்டன், அது தாங்கி இல்லை எண்டு..."

"வேண்டாம் அன்ரி," என்றான் அவசரமாக. "இனி ஒண்டும் எழுதாதேங்கோ."

ரிஸ்வான் அதுவரை தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்ரி, அந்தப் பாட்டு வந்த அண்டைக்கே எங்கட வாப்பா கண்டுபிடிச்சிட்டார். அவர் அங்க கூலி வேல செஞ்சவர். கேட்டுட்டு என்னப் பாத்துச் சிரிச்சார், அவ்வளவுதான். சீனன்குடாவில தேத்தண்ணிக் கடையில போட்டுக் கேட்டிருக்காங்க. அங்க வேல செஞ்ச ஆக்கள் எல்லாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கல்ல. நீங்க மட்டும்தான் எழுதினீங்க."

ரிஸ்வான் கோப்பையைக் கீழே வைத்தான்.

"கீழ திருகோணமலைப் பிள்ளை எண்டு வேற போட்டிருந்தீங்க. ஊர் ஆள் இப்படிச் செய்யாது, ஆரோ பொய்ப் பேர்ல எழுதுறாங்க எண்டுதான் நாங்க நினைச்சம்."

அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார் மேலும் கோபம் வந்தது. ஸ்பென்னெண்டே என்ற சிக்ரிட் மேல், படம் எடுத்துக் காட்டிய அந்த நாசமறுப்பான் மேல், ஒரு வார்த்தை திட்டாமல் எனக்குத் தேத்தண்ணி தந்த இந்தப் பிள்ளைகள் மேல். அவர்கள் திட்டியிருக்கலாம். வீட்டு மனிசியாக நினைத்திருந்தால் திட்டியிருப்பார்கள். ஜெயந்தன் இப்போது மாமனாருடைய வயலில் நிற்கிறான். அந்தப் பாட்டு இனி வெளியே வராது. இரண்டுக்கும் காரணம் தேநீர் இடைவேளையில் நான் தட்டிய நாலு வரி. தெரியும் என்று காட்டாவிட்டால் நான் அந்த ஊர்க்காரி இல்லை என்று ஆகிவிடும் என்ற பதற்றத்தில் எழுதியது. அங்கேயே இருந்திருந்தால் எனக்கு அந்தப் பதற்றமே வந்திருக்காது. வெளிநாட்டில் இருந்து இதைப் படிக்கிறவர்களே, உங்களில் எத்தனை பேர் என்னைப்போல எழுதியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

போக எழும்பும்போது, "புதுசா ஏதும் பாடுறீங்களோ?" என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இன்னும் சரிவரேல்ல அன்ரி" என்றான் ஜெயந்தன். ட்றம்ஸின் மேல் கிடந்த துணியை எடுக்கவில்லை. வாசல் வரை வந்து, கவனமாகப் போங்கோ என்று மரியாதையாக அனுப்பிவைத்தார்கள்.

ஓட்டோ குறுகிய ஒழுங்கையால் மெல்ல உருண்டு பெரிய றோட்டுக்கு ஏறப்போன நேரத்தில், பின்னால் ட்றம்ஸ் தொடங்கியது. பிறகு ரிஸ்வானின் குரல். நான் கேட்டிராத பாட்டு. பாட்டின் முதல் வரி காதில் விழுந்தது. ஓட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டிக் கேட்டார்.

"ஆர் அக்கா அது, நல்லாப் பாடுறாங்கள்! நீங்கள் போயிட்டு வந்த வீடுதானே? தெரிஞ்ச ஆக்களோ?"

அவர்கள் யார், எங்கே பாடினார்கள், எப்படிப் பாடினார்கள், அவர்களை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதெல்லாம் நாக்கு நுனி வரை வந்தன.

"தெரியாது தம்பி," என்றேன். "நான் வெளிநாட்டு ஆள். விலாசம் கேக்கப் போனனான்."

அவர் தலையாட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினார். பாட்டின் இரண்டாவது வரி எனக்குக் கேட்கவில்லை.