இன்ஸ்பெக்டர் வந்த அன்று என் அடைக்கோழி

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் படித்த பள்ளிக்கூடம் மாதிரி இப்போது பெரிய பெரிய கட்டடத்தில்கூட இல்லை என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

கீரமங்கலத்துக்குக் கிழக்கே, கூரை போட்ட ஒற்றை அறைதான் அது. மகாராஜா ஆட்சிக் காலம். எங்கள் வாத்தியார் வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் பாடம் நடத்த மாட்டார். "ஒங்களுக்கு எது புடிக்குதோ அதைச் செய்யுங்க, நான் சொல்ல மாட்டேன்" என்பார். ஒருத்தன் பனையோலையில் காற்றாடி செய்தான். ஒருத்தி தாழை ஓலையில் பாய் பின்னப் பார்த்தாள், வரவில்லை, மறுபடியும் பின்னினாள். இன்னொருத்தன் எறும்பு எங்கே போகிறது என்று அதன் பின்னாலேயே தவழ்ந்தான்.

எனக்கு முட்டையிலிருந்து குஞ்சு வெளியே வருவதைப் பார்க்க ஆசை. வீட்டில் கோழி அடை படுக்கும். நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் பொரித்துவிடும். எத்தனையோ தடவை ஏமாந்துவிட்டேன். அதனால் கோழியைப் பள்ளிக்கூடத்திலேயே அடை வைக்கிறேன் என்றேன். வாத்தியார் கொஞ்சம் யோசித்து, "ஒங்க ஆத்தா விட்டா எனக்குச் சம்மதம்" என்றார்.

என் ஆத்தாவிடம் இருந்தது அந்த ஒரு பெட்டைதான். பிடிவாதம் பிடித்து அழுதபிறகு விட்டாள்.

"கோழிக்கோ முட்டைக்கோ ஒண்ணு ஆச்சுன்னு வையி, மறுநாள் நீ ஆட்டுக்குப் பின்னாலதான். பள்ளிக்கூடப் பேச்சே எடுக்கக்கூடாது" என்றாள். சொன்னால் செய்கிறவள்.

அறை மூலையில் வைக்கோல் பரப்பிக் கோழியை உட்கார வைத்து, மேலே மூங்கில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்தோம். லீவு நாளிலும் நான் போய்த் தண்ணீரும் கம்பும் வைத்துவிட்டு வருவேன். பொரிக்கிற நாள் நெருங்கியபோதுதான், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது.

அவர் வருகிற வெள்ளிக்கிழமை காலையில் வாத்தியார் எங்களைப் பாதையோரப் புல் பிடுங்கக் கூட்டிப் போனார். திரும்பி வந்து பார்த்தால் பஞ்சாரம் ஒருபக்கம் கிடக்கிறது, கோழியைக் காணோம். முட்டைகள் மட்டும் வைக்கோலுக்குள் புதைந்து கிடந்தன.

எங்களுக்கு முன்னாலேயே திரும்பியிருந்த பாய் பின்னுகிறவள் சொன்னாள்: "தலையாரி சித்தப்பு தூக்கிட்டுப் போனாரு. இன்ஸ்பெக்டரு கொழம்புக்குக் கோழி எங்கடா கிடைக்கும்னு அலைஞ்சேன், வாத்தியாரே புடிச்சு வச்சிருக்காரேன்னு சிரிச்சுக்கிட்டே போனாரு."

அதிகாரி வந்தால் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்வது ஊர்த் தலையாரியின் வேலை. அப்படி ஒரு நாளில் பஞ்சாரத்துக்குள் கோழி இருந்தால், எங்கள் பக்கம் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். வாத்தியார் எறும்புக்காரனைத் தலையாரி வீட்டுக்கு ஓடச் சொன்னார். நான் முட்டையைத் தொட்டேன். சூடு இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பாவாடை மடியில் போட்டு, வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் எழவில்லை.

"அந்தப் பிள்ளை ஏன் எந்திரிக்கல?"

வாத்தியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. நானே சொன்னேன், "எந்திரிச்சா முட்டை விழுந்துரும்ங்க."

"பள்ளிக்கூடத்துல ஏது முட்டை?"

வாத்தியார் வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னார். "நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலைங்க. அதுவா கேட்டுச்சு, விட்டேன்" என்றார்.

"சரி, கோழி எங்க?"

"ஒங்களுக்குக் கொழம்பு வைக்கத் தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்றேன்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார். அதற்குள் எறும்புக்காரனோடு தலையாரி வாசலில் வந்து நின்றார். இன்ஸ்பெக்டரைக் கண்டதும் கோழியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கோழி கொக்கரித்துவிட்டது.

"ஏத்தா, அடைக்கோழின்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று என்மேல் பாய்ந்தார். "கழுத்துல கை வைக்கப் போறேன், கோழி வகுறு அடைச்சூட்டுல கொதிக்குது. அடைக்கோழிய அறுத்தா எங்குடும்பம் வெளங்குமா? திருப்பிக் கொண்டாரலாம்னு கெளம்புனா, வழியில இந்தப் பய வேற வந்து கத்துறான்."

கோழி வந்துவிட்டது, ஆனால் உட்கார மாட்டேன் என்றது. கோபத்தில் அறையையே சுற்றிச் சுற்றி வந்தது. அடை கலைந்துவிட்டால் முட்டை அவ்வளவுதான். எனக்குக் கண்ணுக்குள் ஆடுகள்தான் நின்றன.

அப்போது என் மடிக்குள் ஒரு சத்தம். ஊசிமுனை அளவுச் சத்தம். ஒரு முட்டையில் விரிசல் விட்டு, சின்ன மூக்கு வெளியே தெரிந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். நான் குனியக்கூட இல்லை, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். ஈரமும் நடுக்கமுமாக ஒரு குஞ்சு என் மடியிலேயே வந்து விழுந்தது.

அது கத்திய சத்தம் கேட்டுக் கோழி நின்றது. முட்டைகளையும் குஞ்சையும் வைக்கோலில் வைத்தேன். கோழி வந்து, இறகை விரித்து, ஒன்றுமே நடக்காததுபோல உட்கார்ந்தது.

"வெள்ளிக்கிழமை நடக்கட்டும்" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் நோட்டுகளைப் பார்க்கப் போனார்.

சாயங்காலம் ஆத்தா வந்தாள். ஊர் முழுக்கப் பரவிய கதை அவள் காதுக்கும் முன்பே போயிருந்தது. கோழியின் இறகைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்று மட்டும் பொரிக்காத கூமுட்டை, மற்றதெல்லாம் குஞ்சு.

"ஆட்டுக்கு நாளைக்கு ஒங்க அண்ணன் போவான். திங்கக்கெழமை நீ நேரத்தோட பள்ளிக்கூடம் கெளம்பு" என்றாள்.

காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்குப் போனதும் கம்மங்கூழை இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.