திரும்பிப் பார்த்தே ஏறிய மலை

அறுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆடி மாதம், குற்றாலத்து மலையில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுத் தென்காசியில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தவன், மெல்ல மெல்ல சேலைப் பகுதிக்கு வந்திருந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவக்காரன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்ப வந்து இழுத்துப் பார்க்கிறவன். முகூர்த்தப் பட்டு விற்றால், சாயம் போய்விடுமோ என்று அந்தக் கல்யாணம் முடியும்வரை தூக்கம் வராமல் கிடக்கிறவன்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. துணிக்கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். முதலாளி மனமிரங்கி ஒருநாள் விடுமுறை கொடுத்தார். செண்பகாதேவி அருவிக்கும் மேலே, மலை முகடு வரை ஏறிவிட்டு வரலாம் என்று கிளப்பிவிட்டவர் எங்கள் கடையின் மூத்த விற்பனையாளர். எல்லோருக்கும் அவர் பெரியண்ணாச்சி. இளவட்டத்தில் ஒருமுறை அங்கே போயிருக்கிறாராம். அந்த ஒருமுறையை நம்பி எட்டுப் பேர் கிளம்பினோம்.

முந்தின நாளே எனக்குக் கவலை வந்துவிட்டது. ஏறிவிடுவோம், இறங்குவது எப்படி? கடையில் மிஞ்சிக் கிடந்த சிவப்புத் துணியை முதலாளியிடம் கேட்டு வாங்கி, விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்து மடியில் கட்டிக்கொண்டேன். வழி பிரிகிற இடத்திலெல்லாம் மரத்தில் ஒன்றைக் கட்டிவிட்டால் பயமில்லை என்று கணக்கு.

முதல் பஸ்ஸில் குற்றாலம் போய் இறங்கி ஏறத் தொடங்கினோம். சாரல் விட்டுவிட்டுப் பெய்தது. ஈர இலைகளுக்கு அடியிலிருந்து அட்டைகள் காலில் ஏறின. ஆளுக்கொரு சிறு உப்பு முடிச்சு வைத்திருந்தோம். அட்டை கடித்த இடத்தில் ஒற்றினால் சுருண்டு விழும். செண்பகாதேவி அம்மனைக் கும்பிட்டுவிட்டு மேலே போகப் போக, பாதை ஒற்றையடியாகி, அதுவும் பல இடங்களில் கல்லுக்குள் மறைந்துபோனது.

நான் நடுவில் நடந்தேன். துணியைக் கட்டியதோடு என் மனம் அடங்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, திரும்பி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டேன். பெரியண்ணாச்சிக்கு அது பொறுக்கவில்லை.

“ஏலே, என்னத்தல திரும்பித் திரும்பிப் பாக்க? பின்னால ஒம் பொண்டாட்டியா வாரா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் பார்ப்பதை நிறுத்தவில்லை.

மத்தியானத்துக்குச் சற்று முன் முகட்டைத் தொட்டோம். அந்த உயரத்திலிருந்து, அப்போது மொட்டையாக நின்ற தென்காசிக் கோபுரம் கட்டைவிரல் அளவில் தெரிந்தது. அதன் நிழலில் இருக்கும் எங்கள் கடையைத் தேடினேன், கிடைக்கவில்லை. என்னைப் போன்றவன் இவ்வளவு தூரம் வந்துவிட்டானே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்துச் சாப்பிட்டோம்.

கை கழுவுவதற்குள் மேகம் இறங்கிவிட்டது. சுண்ணாம்பு கரைத்த தண்ணீர் போல வெள்ளையாக வந்து எல்லாவற்றையும் மூடியது. கோபுரம் போயிற்று, மலை போயிற்று, கடைசியில் பத்தடி தள்ளி நின்ற ஆளும் போயிற்று. மழையும் வலுத்தது. எல்லோர் முகத்திலும் சிரிப்பு அடங்கிவிட்டது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு பெருமிதம். “கவலப்படாதிய, துணி கட்டி வச்சிருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தேன்.

முதல் மரத்தில் துணி இல்லை. அடுத்த மரத்திலும் இல்லை. மரத்தைத்தான் மாற்றிப் பார்க்கிறேனா? கட்டியதே என் நினைப்புத்தானா? மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தேன்.

அப்போது கடைசியில் நின்ற ஒருவர் மெதுவாகச் செருமினார். கடையில் சரக்குக் கட்டுப் பிரிக்கிறவர், என்னைவிட மூத்தவர். ஏறும்போதும் கடைசியாக வந்தவர் அவர்தான். தோள்பையைத் திறந்து காட்டினார். உள்ளே என் சிவப்புப் பட்டைகள், அழகாக மடித்து அடுக்கி.

“நல்ல துணிய மரம் மரமா கெட்டிட்டுப் போறானே கிறுக்குப்பயன்னு அவுத்து எடுத்தேம்ல. எதுக்குன்னு ஒரு வார்த்த சொன்னியா?”

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் கடையில் அது சட்டம். தரையில் ஒரு விரற்கடைத் துணி கிடந்தாலும் குனிந்து எடுக்காமல் தாண்டக் கூடாது. எடுத்து ஓரத்துச் சாக்கில் போட வேண்டும், அது தலையணைக்குப் போகும். இருபது வருடமாகக் குனிந்த முதுகு, மலையில் மட்டும் நிமிர்ந்தா நடக்கும்?

ஆளாளுக்கு அவரைத் திட்டத் தொடங்கினார்கள். பெரியண்ணாச்சி கையமர்த்தினார். வலது பக்கம், பள்ளத்தில், தண்ணீர் இரையும் சத்தம் கேட்டது.

“அந்தச் சத்தத்தப் புடிச்சே இறங்குவோம். தண்ணி எங்கன சுத்துனாலும் குத்தாலத்துக்குத்தான போவுது?”

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. இரண்டு பேர் காலெடுத்தும் வைத்துவிட்டார்கள். பெரியண்ணாச்சியை எதிர்த்து நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

“அண்ணாச்சி, தண்ணி குத்தாலத்துக்குக் குதிச்சுல்லா போவுது! நம்மளால குதிக்க முடியுமா?”

காலெடுத்தவர்கள் பின்வாங்கினார்கள். “அப்பம் வழி எங்கன? நீ சொல்லு பாப்போம்” என்றார் பெரியண்ணாச்சி.

கண்ணை மூடிக்கொண்டேன். கடையில் நானூறு சேலைகள் இருக்கும். எது எந்த அடுக்கில் என்று நான் எழுதிவைத்ததில்லை. கரையைப் பார்த்தால் போதும், மனதில் நின்றுவிடும். அதுபோல, திரும்பிப் பார்த்த ஒவ்வொரு இடமும் எனக்குள் இருந்தது. மற்ற ஏழு பேரும் ஏறும்போது பார்த்த மலை வேறு. இறங்குகிறவன் கண்ணுக்கு அது எப்படி இருக்கும் என்று பார்த்து வைத்தவன் நான் ஒருவன்தான்.

“மொதல்ல ஒரு பாறை வரும். கறுப்பு. குறுக்கால வெள்ளையா ரெண்டு கோடு, வேட்டிக் கரை மாதிரி. அதுக்கு எடப்பக்கம்.”

பெரியண்ணாச்சி என்னையே பார்த்தார். பிறகு, “ஏலே, பின்னால பாத்தவன் முன்னால வா” என்றார்.

ஆளுக்கொரு தோள்துண்டை எடுத்து, முனையோடு முனை முடிந்து, எட்டுப் பேரும் பிடித்துக்கொண்டோம். நான் தலைமுனை. வெள்ளைக்கோட்டுப் பாறை வந்தது. அடுத்து, பட்டை உரிந்து கட்டம் போட்ட லுங்கி போல நின்ற மரம். அதன்பின் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு கற்கள். ஒவ்வொன்றும் மேகத்துக்குள்ளிருந்து வெளிவந்தபோது, பின்னாலிருந்து “ஆங்!” என்று குரல் வந்தது. ஒரே ஓர் இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்து, எனக்கு எதுவும் பிடிபடவில்லை. எல்லோரையும் நிற்கச் சொல்லிவிட்டு, துண்டின் நீளத்துக்கு இடது பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு புதரில், முழங்கால் உயரத்தில், சிவப்பாக ஒன்று ஆடியது. என் துணி!

“இது எப்பிடி என் கண்ணுல படாமப் போச்சு?” என்று வியந்தார் கட்டுப் பிரிக்கிறவர். பிறகு அவருக்கே நினைவு வந்தது. அங்கேதான் அட்டை கடித்து, காலைப் பார்த்துக் குனிந்திருக்கிறார். சொல்லிக்கொண்டே அவர் கை தன்னால் அந்தத் துணிப் பக்கம் போயிற்று.

“தொட்டீரு, இங்கனயே விட்டுட்டுப் போயிருவேன் வேய்!” என்று பெரியண்ணாச்சி போட்ட சத்தத்தில், அத்தனை பயத்திலும் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சற்று இறங்கியதும் மேகம் ஒரு நிமிடம் விலகியது. பெரியண்ணாச்சி காட்டிய பக்கத்தைத் திரும்பிப் பார்த்தோம். தண்ணீர் பாசிப் பாறையில் வழுக்கிக்கொண்டு வந்து, ஒரு விளிம்பில் அப்படியே இல்லாமல் போனது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை. எனக்கு அடுத்து நின்ற பெரியண்ணாச்சி துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டதை என் கையில் உணர்ந்தேன்.

வெளிச்சம் இருக்கும்போதே அடிவாரத்துப் பேரருவிக்கு வந்துவிட்டோம். எட்டுப் பேரும் வேட்டியோடு அருவிக்குள் போய் நின்றோம். அன்று நான் குளித்த குளியலை அதற்குப் பிறகு குளித்ததில்லை.

மறுநாள் கடையில், வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, பெரியண்ணாச்சி என் தோளில் கைபோட்டு முதலாளியிடம் சொன்னார்: “எங்க எட்டுப் பேரயும் கீழ கொண்டாந்து சேத்தது இவன்தான், மொதலாளி.” அடுத்த வருடம் ஆடியில் மறுபடி மலையேறக் கிளம்பியபோது, யாரும் சொல்லாமலே எனக்கு முன்னால் இடம் விட்டார்கள். கட்டுப் பிரிக்கிறவரே சிவப்புத் துணியைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தார்.

இப்போதும் பூட்டிய வீட்டுக்குத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறேன், பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள், எட்டுக் குடும்பத்து ஆண்கள் அன்று வீடு போய்ச் சேர்ந்தது இந்தப் புத்தியால்தான் என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தலைநிமிர்ந்து நடக்கிறேன்.