பின்பாரம்

தெப்பக்குளக் கரையில் ஒரு சிறிய மரப்படகை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். “பின்பாரமா இருக்குண்ணே, முன்னால தள்ளுங்க” என்று ஒருவர் கத்தினார். அண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த களைப்பில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் சிறுவயதில், மேலூர்க் கண்மாய் நிறைந்த ஆண்டு, எங்கள் படகை அங்கே கொண்டுசெல்ல, மாடு பூட்டி இழுக்கும்படி அப்பா ஒரு டிரெய்லர் அமைத்தார். போலியோ தாக்கிய காலுடன் அண்ணனால் அவ்வளவு தூரம் நடக்க இயலாது.

“எல்லாரும் நடக்குறீங்க. நான் மட்டும் மூட்டை மாதிரி வண்டியில வரணுமா? போங்க” என்று அவர் முறுக்கிக்கொண்டார்.

அப்பா படகைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டினார். நுகத்தடி மேலெழும்பி, பூட்டிய கயிறு மாடுகளின் கழுத்தை இறுக்கியது.

“படகை முன்னால தள்ளுனா சரியாயிரும்லப்பா?” என்றேன்.

“பெரிய இஞ்சினியரு! வாயை மூடுடா. பெரியவனே, முன்னால ஏறி உக்காருய்யா. நீ இல்லாம மாடு நகராது.”

அண்ணன் ஏறினார். நுகத்தடி தணிந்தது. கண்மாய் வரை மாடுகளை அவர்தான் அதட்டிக்கொண்டு வந்தார்.

அவரை அழைத்துப்போகவே அப்பா அப்படிக் கட்டினார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே புரிந்தது. போன மாதம் மருத்துவமனையில் அதை அண்ணனிடம் சொன்னேன்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்டா” என்றார். “அப்பா அம்புட்டு மெனக்கெட்டாருல்ல? ஏறாம இருக்க முடியுமா?”