முன்சக்கரத்துக்குப் பெரிய கதவு

மேட்டுத் தெருக்களில் அவளை எல்லோரும் 'மீட்டரம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். மின்சார அலுவலகத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் வேலை. சமதளத் தெருக்களுக்கு நான் நீ என்று போட்டி. மேட்டுக்கு மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "நான் போறேன் சார்" என்று அவள் சொன்னதும், மனசு மாறிவிடுவாளோ என்று மேலாளர் அப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்று முதல் மலைச் சைக்கிளில் ஏறித் திரிந்தாள். எந்த வீட்டு மீட்டர் மாடிப்படிக்கு அடியில் ஒளிந்திருக்கிறது, எந்த நாய் குரைக்கும், எது குரைக்காமலேயே கடிக்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஏறும்போது மேட்டைக் கட்டியவனைத் திட்டுவாள். இறங்கும்போது முகத்தில் அடிக்கும் காற்றுக்காகவே ஏறினாள் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சம்பளத்தைக் குறைத்துவிடுவார்கள்.

அந்த இறக்கமே ஒரு மழை நாளில் காலை வாரிவிட்டது. பழைய பிரேக்கின் ரப்பர் கட்டைகள் நனைந்த சக்கரத்தை வெறுமனே தடவிக்கொண்டு போயின. பெரிய வளைவில், ஒரு வீட்டு கேட்டில் மோதி விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, பிடி கூடவில்லை. ஜாடி மூடி திறக்கக்கூட இடது கையைத் தேட வேண்டியிருந்தது. அலுவலகத்தில் பணம் கட்டும் கவுன்டரில் உட்கார வைத்தார்கள். தலைக்கு மேல் மின்விசிறி, கீழே சுழல் நாற்காலி. "கொடுத்து வெச்சவ" என்றார்கள் கூட வேலை செய்கிறவர்கள். அவளுக்கோ அந்தக் கண்ணாடித் தடுப்பைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. மேட்டையே திருப்பிக் கேட்டாள்.

"திங்கக்கிழமை நீங்களே மேட்டுலேர்ந்து ஓட்டிக்கிட்டு இறங்குங்க, நான் கீழ நின்னு பாக்குறேன். முடியலன்னா அந்த ஏரியாவ வேற ஆளுக்குக் கொடுத்துடுவேம்மா" என்றார் மேலாளர். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே பதில் சொல்ல ஆள் இருந்தது.

கையில் பலம் இல்லாவிட்டால் பிரேக்கிலாவது இருக்க வேண்டும். அவள் சைக்கிளில் டிஸ்க் பிரேக் மாட்ட இடம் விட்டிருந்தார்கள், மாட்டினால் போதும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக் செட்டும், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் தட்டு ஒரே அளவில் இரண்டும் வாங்கினாள். தட்டைக் கவ்விப் பிடிக்கும் கவ்வி நேராக வண்டியில் உட்காராது. நடுவில் அடாப்டர் என்று ஒரு சின்ன உலோகத் துண்டு வேண்டும். தட்டு ஒரே அளவென்றால் அடாப்டரும் ஒரே மாதிரிதானே என்று, கடைக்காரரைப் பேசவே விடாமல் ஒரே மாதிரி இரண்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு என்பதை அவளுக்கு யார் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பழைய போர்வையை விரித்து வண்டியைக் கவிழ்த்துப் போட்டாள். பின்சக்கரத்தில் எல்லாம் அச்சாகப் பொருந்தியது. முன்சக்கரத்தில்தான் வம்பு. கவ்வி எட்ட நின்றது. அதற்குள் இருக்கும் கட்டை தட்டின் விளிம்பை மட்டும் தொட்டது, மீதிப் பாதி அந்தரத்தில் தொங்கியது. வண்டியில் அடாப்டர் மாட்டும் துளைகளின் உயரம் முன்னால் வேறு, பின்னால் வேறு என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு அழுகை வந்தது.

அவள் புருஷன் வாசல் பக்கம் நாற்காலிக்குக் கால் போட்டுக்கொண்டிருந்தார். தச்சர். பொருந்தாத பொருள் என்று ஒன்று உலகத்தில் இல்லை, சீவினால் போதும் என்பது அவர் கட்சி. விழுந்த நாளிலிருந்து அந்த வண்டியை அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. முன்பெல்லாம் காலையில் "போயிட்டு வா" என்று படியில் நின்று அனுப்புகிறவர், இப்போது "வித்துடலாமா?" என்று மட்டும் கேட்பார்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டு எழுந்து வந்தார். "என்னம்மா?"

"அடாப்டர் உசரமா இருக்குங்க. கவ்வி தட்ட விட்டு எட்ட நிக்குது."

"அவ்வளவுதானே? அரத்த எடுக்கட்டுமா?"

"பிரேக்குங்க அது! அலமாரி இல்ல. ராவினா உடைஞ்சு போயிடும்."

அவர் குனிந்து பார்த்தார். பொருந்தாத ஒன்றைக் கண்டால் அவருடைய கண் சும்மா இருக்காது. "சட்டம் பெருசு, கதவு சின்னது. சட்டத்தத் தொடக் கூடாதுன்னா, பெரிய கதவாத்தான் போடணும்" என்றார். விற்கச் சொன்ன வண்டிக்குத் தானே வழி காட்டிவிட்டது சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அதற்குள் அவள் பெரிய தட்டு வாங்கக் கடைக்கு ஓடிவிட்டாள்.

கடைக்காரர், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை பெரிய தட்டைத் தாங்கும் என்று உறுதி செய்துகொண்டு, ஒரு சுற்று பெரியதை எடுத்துக் கொடுத்தார். "இதே அடாப்டர் இதுக்குச் சரியா இருக்கும். அதோட பெரிய தட்டு இன்னும் நல்லாப் பிடிக்கும்மா, லேசா அழுத்தினாப் போதும்." தப்பாக வாங்கியது அவளுடைய கைக்கு ஏற்ற மாதிரி அமைந்துவிட்டது. குருட்டு அதிர்ஷ்டத்துக்கும் சில சமயம் கண் தெரியும்.

கவ்வியை நேராக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, மற்றவர் போல்ட்டை முறுக்க வேண்டும். "எண்ணெய்க் கையால தட்டத் தொட்றாதீங்க" என்று அவரை மிரட்டிவிட்டு, வலது கையால் அவளே அழுத்தினாள். அவர் முறுக்கினார். பாதியில் நிமிர்ந்து அவள் மணிக்கட்டைப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்லங்க."

பொய் இல்லை. இரண்டு விரல் போதுமாக இருந்தது. புதுத் தட்டு புதுச் செருப்பு மாதிரி, பழகினால்தான் பிடிக்கும். பொழுது சாய்கிறவரை சமதளத் தெருவில் ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்திப் பழக்கினாள்.

திங்கட்கிழமை மேலாளர் கீழே நின்று பார்த்தார், மறுநாளே மேட்டைத் திருப்பிக் கொடுத்தார் என்பதெல்லாம் அலுவலகக் கதை. அவள் கதை பெரிய வளைவிலேயே முடிந்துவிட்டது.

முந்தின இரவு தூறியிருந்ததால் சாலை ஈரமாக இருந்தது. வளைவு நெருங்கியது. விரலை லேசாக அழுத்தினாள். வண்டி, சொன்ன பேச்சைக் கேட்டது. அப்போதுதான் பார்த்தாள், அவள் மோதி விழுந்த அதே கேட்டுக்கு முன்னால் அவள் புருஷன் அளவு டேப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் செருப்புக்கு ஒரு முழம் முன்னால் வண்டியை நிறுத்தினாள்.

"இங்க என்னங்க பண்றீங்க?"

"வேலைம்மா. இந்த கேட்டுக்கு அளவு எடுக்கச் சொன்னாங்க."

"இது இரும்பு கேட்டுங்க."

அவர் கேட்டைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். பிறகு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, சாலையிலிருந்து ஒதுங்கி வழிவிட்டார்.

"சரி" என்றார். "போயிட்டு வா."