நல்லரத்தினத்தின் முன்வாங்கு

நல்லரத்தினம் தன் வாழ்நாளில் முழுமனதோடு நேசித்தது ஒரு வாங்கை. முதிரை மரத்தில் செய்த நீண்ட இருக்கை அது. தில்லைமுனை மெதடிஸ்த ஆலயத்தில் வலப்பக்கத்து முதல் வரிசையில் கிடக்கிறது. அதன் முதுகுப்பலகையில் அவருடைய தகப்பனாரின் பெயர் ஆழமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கடவுளையும் அவர் அப்படி நேசித்தாரா என்று சொல்வது கடினம். கடவுளின் பெயர் அந்த ஆலயத்தில் எங்குமே அவ்வளவு ஆழமாகச் செதுக்கப்படவில்லை.

குருக்கள்மடத்தைத் தாண்டி வாவிப் பக்கமாக இறங்கினால் தில்லைமுனை வரும். வெள்ளைக்காரப் போதகர்கள் அங்கே முதலில் பள்ளிக்கூடத்தைத்தான் கட்டினார்கள். ஆலயம் பிறகு வந்தது. எங்கள் முன்னோர் சேர்ந்த ஒழுங்கும் அதுதான். பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் உத்தியோகமும் கிடைத்த பிறகு விசுவாசமும் கிடைத்தது. இதை யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி ஆலயத்தின் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. உள்ளே இருந்த வாங்குகள் நொறுங்கின. அப்போது ஒவ்வொரு குடும்பமும் ஒரு வாங்கு செய்து கொடுப்பதென்று தீர்மானித்தார்கள். நல்லரத்தினத்தின் தகப்பனார் தன் வளவில் நின்ற முதிரையைக் கொடுத்தார். அதையும் சூறாவளிதான் விழுத்தியிருந்தது. காற்று விழுத்திய மரத்தைக் கொடுப்பதற்கு எங்கள் ஊரில் தியாகம் என்று பெயர்.

கொடுத்தவர்கள் தங்கள் பெயரைச் செதுக்கினார்கள். பெயர் செதுக்கிய குடும்பம் மட்டுமே அந்த வாங்கில் உட்கார்ந்தது. அப்படியே ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. தில்லைமுனையில் ஒருவர் மற்றவருடைய வயலில் மாட்டை விட்டாலும் மன்னிப்புக் கிடைக்கும். மற்றவருடைய வாங்கில் இருந்தால் கிடைக்காது.

பிறகு நாட்டில் சண்டை வந்தது. வாங்குக்காரர்கள் ஒவ்வொருவராக இலண்டனுக்கும் கனடாவுக்கும் போனார்கள். வாங்குகள் போகவில்லை. நல்லரத்தினமும் போகவில்லை. போக முயன்று இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டவர் என்பதைச் சொந்த மண்ணை விடாதவர் என்று மாற்றிச் சொல்ல அவருக்குத் தெரிந்திருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்று, சபையின் உக்கிராணக்காரரானார். ஆலயத்தின் சொத்துக்கும் ஒழுங்குக்கும் பொறுப்பு அவர். ஞாயிறுதோறும் எல்லோருக்கும் முன்னே வந்து, ஆளில்லாத வாங்குகளைத் தன் கையாலேயே துடைப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

படுவான்கரைச் சனங்கள் வந்தது இடப்பெயர்வின்போது. வாவிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஷெல்லடிக்கு ஓடிவந்து, ஆலய வளவில் தங்கி, சில குடும்பங்கள் ஊரிலேயே நின்றுவிட்டன. கூலிக்கு வயல் வெட்டுபவர்கள், தோணியில் மீன் பிடிப்பவர்கள். ஞானஸ்நானமும் எடுத்தார்கள். இன்று ஆராதனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு வாங்கு இல்லை. வாசலுக்கு வெளியே தகரப்பந்தலின் கீழே பிளாஸ்டிக் கதிரைகள். உள்ளே வாங்குகள் வெறுமையாகக் கிடக்க, வெளியே நின்று அவர்கள் பாட்டுப் பாடினார்கள். பல வருடங்களாக இதில் ஒரு விநோதமும் எங்களுக்குத் தெரியவில்லை. பழகிய அநியாயம் ஒழுங்கைப் போலவே இருக்கும்.

அவர்களில் இலட்சுமிப்பிள்ளை என்று ஒரு பெண். மீன் விற்பவர். நாக்குக் கூர்மையானவர். நல்லரத்தினத்துக்கு அவருடைய பெயரே ஒரு குற்றம்.

"ஞானஸ்நானம் எடுத்தும் இன்னும் இலட்சுமிப்பிள்ளையா? ஒரு வேதப் பேர் வைக்கலாமே."

"உங்கட பேர் எந்த வேதத்தில கிடக்கு ஐயா?" என்று அவர் கேட்டார். "சொல்லுங்களன், நானும் வாசிக்கிறன்."

புதிதாக வந்த இளம் போதகர் நிலோஜன்தான் முதலில் பேச்சைத் தொடங்கினார். மாரி வரப்போகிறது, பந்தல் ஒழுகும், வெளியே இருப்பவர்களை உள்ளே இருக்க விடுவோம் என்றார். சபைக் கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். நல்லரத்தினம் எழுந்தார். கைத்தொலைபேசியை எடுத்து வட்ஸ்அப்பில் கனடாவுக்கு அழைத்தார். அங்கே நடுச்சாமம். போர்வைக்குள்ளிருந்து ஹென்றியின் முகம் தெரிந்தது. இரண்டாவது வரிசை வாங்கு அவருடையது.

"ஹென்றி அண்ணன், உங்கட வாங்கில ஆக்களை இருத்தப் போறாங்களாம்."

"ஆரு இருக்கிற?"

"படுவான்கரை ஆக்கள்."

"என்ன கதை இது? அப்பாட பேர் கிடக்கிற வாங்கு தம்பி. நான் வந்தா எங்க இருக்கிற?"

ஹென்றி ஊரை விட்டுப் போய் முப்பது வருடத்துக்கு மேல். அங்கே அவர் எந்த ஆலயத்துக்கும் போவதில்லை, குளிர் என்பார். ஆனால் அவர் சொன்னதைக் கூட்டம் மரியாதையோடு கேட்டது. பேச்சு அத்தோடு முடிந்தது. வருகிற சனங்களை, வராத ஒருவர் படுக்கையில் கிடந்தபடியே வெளியே நிறுத்தினார்.

மார்கழியில் ஆலய ஆண்டு விழா. திருகோணமலையிலிருந்து ஒரு மூத்த போதகரை அழைத்திருந்தார்கள். நல்லரத்தினத்துக்கு அது தன் வாழ்க்கையின் மகுடம். வாங்கு கொடுத்த குடும்பங்களைக் கனம்பண்ணுவதற்காக, வெறுமையான ஒவ்வொரு வாங்குக்கும் குறுக்கே வெள்ளை நாடா கட்டி, நடுவில் பூக்கொத்தும் வைத்தார். விடியவே படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பினார். பிறகு மனைவி தவமலரோடு தன் வாங்கில் வந்து இருந்தார்.

மழை கொட்டியது. பந்தலுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். சனங்கள் கதிரைகளில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். மூத்த போதகர் உள்ளே வந்து, நாடா கட்டிய வாங்குகளைப் பார்த்தார்.

"இது ஆருக்கு?"

"எங்கட பெரிய குடும்பங்களுக்கு ஐயா," என்றார் நல்லரத்தினம்.

"நல்லது. மழைக்குள்ள சுணங்குறாங்க போல. அவங்க வரட்டும், மறுகா தொடங்குவம்."

இந்த இடத்தில் நல்லரத்தினம் சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். அவர்கள் வரமாட்டார்கள். அவ்வளவுதான். அதைச் சொன்னால் நாடா வெறும் நாடாவாகிவிடும், பூ வெறும் பூவாகிவிடும், அவர் இத்தனை காலம் துடைத்தது வெறும் மரமாகிவிடும்.

"ஓம் ஐயா," என்றார். "வழியில வாறாங்க."

மூத்த போதகர் போய் உட்கார்ந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். நிலோஜன் போதகர் வாய் திறக்கவில்லை. நாங்களும் திறக்கவில்லை. எங்களுடைய கோழைத்தனம் நல்லரத்தினத்தின் பொய்யைவிட மரியாதையாகத் தோற்றமளித்தது, வேறுபாடு அவ்வளவே. தகரத்தில் மழை இன்னும் பலத்தது. பந்தலிலிருந்து இலட்சுமிப்பிள்ளையின் குரல் கேட்டது.

"என்ன கா, ஆரைப் பாத்துக்கொண்டு இருக்காங்க?"

"பெரிய குடும்பங்கள் வருகுதாம்," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"கனடாவில இருந்தா? தோணியிலயா வாறாங்க? அப்ப இண்டைய பூசை அமாவாசைக்குத்தான் தொடங்கும்!"

பந்தல் சிரித்தது. மூத்த போதகர் நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் தவமலர் எழுந்தார். படிப்பித்து ஓய்வு பெற்றவர். கணவரோடு வாழ்ந்த காலம் முழுவதும் அவருக்காக வெட்கப்பட்டு, அதை வெளியே காட்டாதவர். அது நற்குணமா என்று எனக்குத் தெரியாது. அன்று செய்தது நற்குணந்தான்.

"ஐயா, அவங்க வரமாட்டாங்க," என்றார். "பாதிப் பேர் செத்துப்போனாங்க. மிச்சப் பேர் வெளிநாட்டில. வந்த ஆக்கள் வெளிய தண்ணிக்குள்ள இருக்காங்க."

"தவம், இரு!" என்றார் நல்லரத்தினம்.

தவமலர் இருக்கவில்லை. சேலையைச் சற்று உயர்த்திக்கொண்டு வாசலைத் தாண்டிப் பந்தலுக்குள் இறங்கினார். இலட்சுமிப்பிள்ளை ஒரு கதிரையைத் தன் முந்தானையால் துடைத்து நீட்டினார்.

மூத்த போதகர் வாசலுக்குப் போய், எல்லோரும் உள்ளே வாருங்கள் என்று அழைத்தார். யாரும் அசையவில்லை.

"வேணா ஐயா," என்றார் இலட்சுமிப்பிள்ளை. "ஈரச் சீலையோட இருந்தா வாங்கு பழுதாப் போகும். பாவம், அந்த ஐயாதான் மறுகா துடைக்கவேணும். நீங்க இஞ்ச வாங்களன்."

மூத்த போதகர் போனார். வேதாகமம் வைக்கும் மேசையை இருவர் தூக்கி வாசலில் வைத்தார்கள். அவர் பந்தலைப் பார்த்தபடி நின்று ஆராதனையைத் தொடங்கினார். அவருடைய முதுகு ஆலயத்தின் உட்பக்கத்தைப் பார்த்தது. உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குடையை விரித்துக்கொண்டு வெளியே போனோம். வாங்குகளை யாரும் நகர்த்தவில்லை, ஆனால் முதல் வாங்கு கடைசி வாங்காகிவிட்டது.

நல்லரத்தினம் மட்டும் இருந்தார். திருவிருந்தில் அப்பமும் கிண்ணமும் எப்போதும் அவருடைய வாங்கிலிருந்துதான் தொடங்கும். அன்று பந்தலின் கடைசிக் கதிரையிலிருந்து தொடங்கியது. எல்லோரும் எடுத்து முடிந்ததும் நிலோஜன் போதகர் வாசலில் நின்று உள்ளே பார்த்தார்.

"ஐயா, வாங்க."

எழுந்து நடக்க வேண்டியது சிறிய தூரம். நல்லரத்தினம் தகப்பனாரின் பெயரில் முதுகைச் சாய்த்தபடி, கிண்ணம் தன்னிடம் வரட்டும் என்று இருந்தார். போதகர் சற்று நேரம் நின்றார். பிறகு கிண்ணத்தை வெள்ளைத் துணியால் மூடினார்.

அப்போது சட்டைப் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. ஹென்றி பதில் அனுப்பியிருந்தார். "படம் நல்ல வடிவா இருக்கு தம்பி. வாங்கெல்லாம் வடிவாத் தெரியுது. ஒருத்தரும் மறைக்கல்ல."

நல்லரத்தினத்தின் முகம் மலர்ந்தது. தவமலருக்குக் காட்டுவதற்காகப் பக்கத்தில் நீட்டினார். பக்கத்தில் வாங்குதான் இருந்தது.