எண்ணெய் தடவிய வில்

வயலின் பழகத் தொடங்கும் பிள்ளைக்கு எந்தப் பாட்டைக் கொடுக்கலாம் என்பது என்னைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. "சரளி வரிசை முடியறதுக்குள்ள என்ன பாட்டு வேண்டிக் கெடக்குது?" என்பார் கொஞ்சம் சங்கீதம் தெரிந்த ஒருவர். "புதுப் படத்துல ஒரு பாட்டு இருக்குது மிஸ், அத வாசிச்சா செமையா இருக்கும்" என்பார் ஒரு அப்பா. இருவரும் தங்களுக்குப் பிடித்ததைத்தான் சொல்கிறார்கள். கழுத்து வலிக்க உட்கார்ந்து, வில் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் விழிக்கிற பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விருத்தாசலத்தில் என் வீட்டு மாடியில் வகுப்பு நடத்துகிறேன். ஸ ரி க ம என்று ஏறி இறங்கிப் பழகுகிற அந்தச் சரளி வரிசையை நானும் விடுவதில்லை. ஆனால் முதல் மாதத்திலிருந்தே அதோடு கூட ஏதாவது குட்டியாக ஒன்று கொடுப்பேன். அது ஒரே தந்தியில் அடங்க வேண்டும். சுண்டுவிரலை இழுத்து நீட்டச் சொல்லக் கூடாது. பிள்ளையின் காதில் ஏற்கெனவே இருப்பதாகவும் இருக்க வேண்டும். கயிறு தாண்டும்போது பாடுகிற மெட்டு, லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது அடிக்கிற சங்கீதம், எதுவானாலும் சரி. சிரித்துக்கொண்டு வாசிக்கிற பிள்ளை, நான் கேட்காமலே இன்னொரு முறை வாசிக்கும். எனக்கு வேண்டியது அந்த இன்னொரு முறைதான்.

அப்படி வாசித்தவள் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவளுடைய அம்மா பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பவர். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரங்களை ஈரப் பஞ்சால் வழித்துச் சமமாக்குவது அவர் வேலை. ஒண்டுக் குடித்தனத்தில் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தூங்கும் என்பதால், பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பெண் என் மாடிக்கு வந்துதான் பழகுவாள். அம்மா வேலை முடிந்து வருவதற்குள் வயலின் பெட்டிக்குள் போய்விடும். அதனால் மகள் வாசித்து அவர் கேட்டதே இல்லை.

அவளுக்குப் பிடித்த பயிற்சி, எங்கள் ஜங்ஷனில் ரயில் வருவதைச் சொல்வதற்கு முன்னால் ஒலிக்கும் மணியோசை. நாலே சுரம். அதை அவளேதான் கண்டுபிடித்தாள். அதை வாசித்துவிட்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று மூக்கால் சொல்லுவாள். மாடி முழுக்கச் சிரிப்பாக இருக்கும்.

அவள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா வந்தது. என்னிடம் வயலின் பழகும் பிள்ளைகள் நாலு பேர் வாசிக்கட்டும் என்று நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்ட சார் கேட்டார். அப்போது ஊரெல்லாம் அலறிக்கொண்டிருந்த ஒரு வேகமான சினிமாப் பாட்டைச் சொன்னார். நான் முடியாது என்றேன். இவர்கள் நேற்று தொடங்கியவர்கள், அந்த வேகத்துக்கு என் விரலே திணறும், இவர்களுக்குத் தெரிந்த குட்டி மெட்டுகளைக் கோத்துத் தருகிறேன் என்றேன். "பாத்துக்கலாம் மிஸ்" என்றார். சம்மதம் என்று நினைத்து, நானும் கோத்துக் கொடுத்தேன்.

விழா அன்று கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். நாலு பிள்ளைகளும் பளபளக்கும் உடையில் வயலினோடு வந்து நின்றார்கள். ஸ்பீக்கரில் அதே சினிமாப் பாட்டு அலறியது. நாலு வில்லும் ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே வந்தன. இடது கையில் ஒரு விரல்கூட அசையவில்லை. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எனக்கு முன்வரிசையில் அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த வகுப்பில் அந்தப் பெண்ணின் வில் தந்தியில் வழுக்கியது. சத்தமே இல்லை. வில்லில் கட்டியிருப்பது குதிரை முடி. பிசின் தேய்த்தால்தான் அது தந்தியைப் பிடிக்கும், பிசுக்குப் பட்டால் தொலைந்தது. வாங்கி முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

"யாரு தடவுனது?"

"சார்தான் மிஸ். எங்க நாலு பேருதுலயும் தடவுனாங்க. தப்பித் தவறிக்கூட சத்தம் வந்துடக் கூடாதாம்."

அந்த சாருக்குப் போன் போட்டேன். கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "புள்ளைங்க கீச்சு கீச்சுன்னு வாசிச்சா யாரு மிஸ் கேப்பாங்க? நல்லா என்ஜாய் பண்ணாங்க எல்லாரும்." நல்ல வார்த்தையாக ஒன்றும் வாயில் வரவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேன். எண்ணெய் தடவியது வில்லில் மட்டும் என்றால்கூட ஆற்றிக்கொண்டிருப்பேன். உன் சத்தம் வெளியே வரவே கூடாது என்று ஒரு குழந்தையிடம் சொல்லிவிட்டு, அதற்குக் கைதட்டலும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

அதன் பிறகு அவள் வரவில்லை. ஒரு நாள் அம்மாவே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். வேலையிலிருந்து நேராக வந்ததால் முழங்கை வரை வெள்ளை மண் காய்ந்திருந்தது.

"நீங்களே கேளுங்க மிஸ். அன்னைக்கி அவ்ளோ ஜோரா வாசிச்சா. கம்பெனில அத்தன பேருக்கும் காட்டுனேன். வூட்டுல டெய்லி அந்த வீடியோவப் போட்டுப் பாக்குறேன். ஒரு தடவ எங்க முன்னால வாசின்னா, வயலினே வேணாங்கறா. வித்துடுங்கறா."

அந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாசிக்கத் தெரியாத பாட்டைத் தினமும் தன் பெயரில் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் வயலினையும் வில்லையும் அவளிடம் நீட்டினேன். "ஸ்டேஷன் வாசி" என்றேன்.

வில்லை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். பிறகு உட்கார்ந்து இழுத்தாள். முதல் முறை கீச்சென்றுதான் வந்தது. தானாகவே இன்னொரு முறை வாசித்தாள். நாலு சுரமும் தெளிவாக விழுந்தன.

அம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினார். "எந்த வண்டி வருது?" என்றவர், மகளின் கையைப் பார்த்தார். "நீயா வாசிச்ச?"

"நாந்தாம்மா."

"அப்ப அந்தப் பாட்டு?"

"அது நான் வாசிக்கலம்மா. வில்லுல எண்ண தடவிட்டாங்க. சும்மா ஆட்டுனோம்."

அம்மா என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். பிள்ளைகள் கீச்சு கீச்சென்று வாசித்தால் யார் கேட்பார்கள் என்று அந்த சார் சொன்னதையும் விடாமல் சொன்னேன். அம்மா தன் கையில் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டினார்.

"யாரு கேப்பாங்கன்னா சொன்னாரு?" என்றார். "நான் கேக்கத்தான மிஸ் அன்னைக்கி லீவு போட்டுட்டுப் போனேன்."