மாரீஸ்வரி கொடுத்தாள்

ஒரு தாயை அவள் பெற்ற பிள்ளையின் கண்முன்னே பொய்க்காரி ஆக்கியவள் நான்.

இதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சுற்றி வளைத்துச் சொன்னால் நீங்கள் என்மேல் இரக்கப்பட்டுவிடக்கூடும். அது வேண்டாம்.

சிவகாசியில் ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். சென்ற ஆண்டு பள்ளி திறந்தபோது என் மகள் ஜெனி இரண்டாம் வகுப்பு. அவளுடைய ஆசிரியை ஒரு புது ஏற்பாடு சொன்னார். பென்சில், ரப்பர், கிரேயான், பசை... ஒவ்வொரு வீட்டாரும் முடிந்ததை வாங்கித் தர வேண்டும். எல்லாம் வகுப்பு அலமாரியில் பொதுவாக இருக்கும். யாரும் எதையும் எடுத்துக்கொள்ளலாம். பெற்றோர் கூட்டத்தில் முதலில் கை தட்டியவள் நான்தான்.

மறுநாள் கடைவீதியில் ஜெனிக்குப் புத்தக அட்டையும் வகுப்புக்குப் பென்சில்களும் வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மாரீஸ்வரி நின்றாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அவள் மகள் தர்ஷினி ஜெனியின் வகுப்புத்தான். கடைக்காரர் எடுத்துப் போட்ட கிரேயான் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

"இருக்குறதுலயே நல்லதா குடுங்கண்ணே. வகுப்புக்கே குடுக்கணும்."

தர்ஷினி மூடியில் மயில் படம் போட்ட பெட்டியைக் காட்டினாள். அதையே வாங்கினார்கள். பிள்ளை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனது. நான் பார்த்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பெட்டி யாருடையது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

இரண்டு நாள் கழித்து எல்லாவற்றையும் பள்ளியில் சேர்த்தார்கள். பொருள்களை வாங்கி அடுக்க ஆசிரியைக்கு நான் உதவினேன். மாலையில் மாரீஸ்வரி கம்பெனி வேனிலிருந்து இறங்கி நேரே வந்தாள். முழங்கைவரை வெள்ளி நிறத் தூள். முடியின் ஓரத்திலும் அதே மினுக்கம்.

"சிஸ்டர், இந்தாங்க. வேன் நிக்குது, கிளம்புறேன்."

கொடுத்துவிட்டு ஓடினாள். மூடியில், மயிலின் மேல், அவளுடைய ஐந்து விரல்களும் வெள்ளியாய்ப் பதிந்திருந்தன.

ஆசிரியை அலுவலகத்துக்குப் போயிருந்தார். நான் ஒரு தாளைக் கிழித்து, அதை வைத்துப் பெட்டியின் நுனியைப் பிடித்துக்கொண்டு போய், பள்ளிக்குப் பின்னாலிருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன்.

பயமா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டாசு மருந்துத் தூள், சின்னப் பிள்ளைகள், வாயில் வைத்துவிட்டால்... ஆனால் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் போய்விடும் என்று ஒரு செவிலிக்குத் தெரியாதா? அது பயமில்லை, அருவருப்பு. என் மகளின் விரல் அந்தத் தடத்தின் மேல் படக்கூடாது என்ற அருவருப்பு.

அலமாரியில்தான் அத்தனை பெட்டிகள் இருக்கின்றனவே, ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

தர்ஷினிக்குத் தெரிந்தது. முதல் ஓவிய வகுப்பிலேயே அவள் மயிலைத் தேடியிருக்கிறாள். பிறகு கைகட்டி உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் அப்படியே. ஆசிரியை கேட்டதற்கு, "எங்க வீட்ல எதுவும் குடுக்கல டீச்சர். நாங்க குடுக்காம அடுத்தவுகளத எடுக்கக் கூடாது" என்றாளாம்.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, ஜெனியை விடப் போனபோது வகுப்பு வாசலில் மாரீஸ்வரி நின்றாள். பக்கத்தில் தர்ஷினியும் ஆசிரியையும்.

"சிஸ்டர், மயில் படம் போட்ட பெட்டி ஒண்ணு உங்க கையிலதான குடுத்தேன்? இவ நான் குடுக்கவே இல்லைங்கா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

ஒரு வார்த்தை. அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஆசிரியை என் முகத்தைப் பார்த்தார். ஜெனி என் விரலைப் பிடித்திருந்தாள்.

"ஞாபகம் இல்லையேம்மா" என்றேன். "எம்புட்டோ பேரு குடுத்தாக. நீ குடுத்த மாதிரி தெரியலையே."

என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது! குரல்கூட நடுங்கவில்லை. இன்றுவரை என்னைத் திகைக்கவைப்பது அதுதான்.

தர்ஷினி தலையைத் தூக்கித் தன் தாயைப் பார்த்தாள். அழவில்லை.

"பொய்தானம்மா சொன்ன?"

மாரீஸ்வரி நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. பிறகு ஆசிரியையிடம் திரும்பி, "நாந்தான் வேன்லயே விட்டுட்டேன் போல, டீச்சர். நாளைக்கு வாங்கியாந்துர்றேன்" என்றாள்.

நான் பேசியிருக்கலாம். அப்போதுகூட. ஜெனியின் கையை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் காலை, அதே வகுப்பு வாசலுக்கு அவள் வேறொரு பெட்டியோடு வந்தாள். துவைத்த சேலை, பின்னிய தலை. ஆசிரியை உள்ளே இருந்தார். பெட்டியை என்னிடம்தான் நீட்டினாள். நான் வாங்கியபோது, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"கையக் கழுவிட்டுத்தான் வந்தேன் சிஸ்டர். இன்னைக்கு வேலைக்குப் போகல."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது! எப்படி? யாராவது பார்த்துச் சொன்னார்களா, என் முகத்திலேயே படித்துவிட்டாளா? கேட்கவில்லை. கேட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடுமே... தெரிந்துதான், பிள்ளையின் முன்னால் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு என்னை விட்டுவிட்டாள். ஏன் விட்டாள்? நாளை எரிந்த உடம்போடு என் வார்டில் வந்து கிடக்க நேருமோ என்ற எண்ணமா?

ஆம், தீக்காய வார்டில்தான் எனக்கு வேலை. வெடிவிபத்து நடந்தால் இவளைப் போன்றவர்களைத்தான் தூக்கிவருவார்கள். தோல் உரிந்த கைகளுக்கு மருந்து வைத்துக் கட்டுகிறேன், முகம் சுளிக்காமல். வெந்த கையைத் தொடுகிறவள், உயிரோடு உழைக்கிற கையின் தடத்தைத் தாள் வைத்துப் பிடித்தேன். நான் எப்படிப்பட்டவள்?

ஞாயிறுதோறும் ஆலயத்தில் எல்லோரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறேன். இதைப் பெயர்சொல்லி ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

பிள்ளைகள் இப்போது மூன்றாம் வகுப்பு. இந்த ஆண்டும் பொது அலமாரி உண்டு. பள்ளி திறந்த வாரத்தில் மாரீஸ்வரி பென்சில் கட்டு ஒன்று கொண்டுவந்தாள். தர்ஷினி அவள் சேலையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ டீச்சர் கையில குடுக்குறத நான் பாக்கணும்."

"வாடி, பாரு" என்று மாரீஸ்வரி அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். பிள்ளை ஆசிரியையின் கையையே பார்த்துக்கொண்டு நின்றது, கட்டு கைமாறும்வரை.

நான் வாசலில்தான் நின்றேன். 'உன் அம்மா கொடுத்தாள், நான்தான் எறிந்தேன்' என்று சொல்ல இரண்டு எட்டு வைத்திருந்தால் போதும். மணி அடித்தது. ஜெனிக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.